வேன் அலறிய இரண்டு மாதம்

செப்டம்பர் 2, திங்கள்

நாற்பது கிலோ மாவு ஆட்டினேன். பாதியைக் கடைக்காரர்களே வந்து எடுத்துப்போனார்கள். மீதி புளிக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் ஏழு மணிக்குள் போத்தனூர் முழுக்க இறக்கிவிட்டு வந்து, காபி எங்கே என்று கேட்டிருப்பார். அவர் போய்ச்சேர்ந்து மூன்று மாதம். அவருடைய பழைய ஆம்னி வேன் வாசலில் நிற்கிறது.

அவர் தம்பி மெல்வின் வந்தார். "ஓட்ட ஆளில்லாத வண்டிய வெச்சு என்னங்க அண்ணி பண்றது? வித்துப்போடலாமுங்க. பீளமேட்டுல ஒருத்தரு கேக்கறாரு."

தலையாட்டினேன். தலைதான் ஆடியது.

செப்டம்பர் 5

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. சொல்லித்தரும் மோகனப்பிரியாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "கிளட்ச்ச நல்லா மிதிங்கக்கா, அது ஒண்ணும் அழுவாது" என்கிறாள்.

லைசென்ஸ் வர ஒன்றரை மாதம் ஆகுமாம். அதுவரை வேன் விலைபோகக் கூடாது. எட்டாவதோடு நின்றவள் நான், இதற்கு என்ன யோசனை செய்வேன்?

செப்டம்பர் 8, ஞாயிறு

யோசனை எதுவும் தேவைப்படவில்லை. வேனே பார்த்துக்கொண்டது.

பூசை முடிந்து வந்தால், வேனைப் பார்க்க வந்த பீளமேட்டு சுந்தரராஜுலுவும், சாவியோடு மெல்வின் தம்பியும் வாசலில் நிற்கிறார்கள். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப இழுக்கிற சோக் குமிழ் தம்பியின் காரில் கிடையாது. "அந்தக் குமிழ இழுத்துட்டுச் சாவி போடுங்க, கெளம்புனதும் உள்ள தள்ளிருங்க" என்று நான்தான் சொன்னேன். இழுத்தார், தள்ளினார். வண்டி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பூனை சுவரேறியது. பத்து நிமிடம் ஆகியும் இரைச்சல் இறங்கவில்லை.

"எங்க ஊட்டுப் பக்கத்து ஏர்போர்ட்டுல ஏரோப்ளேனே இதவிட அடக்கமாக் கெளம்புதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் மனிதர். உள்ளே போய்ச் சிரித்தேன். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. உடனே அழுகையும் வந்தது.

செப்டம்பர் 10

மெல்வின் தம்பி வேனை நசுருதீன் பாய் பட்டறைக்கு ஓட்டிப்போனார். நானும் போனேன். தம்பி ஓட்டினால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். சோக் குமிழில் சுற்றியிருந்த, என் வீட்டுக்காரரின் ஜெபமாலையைக் கழற்றி வழி முழுக்க உருட்டிக்கொண்டே வந்தேன். முப்பதாம் நாள் பூசையன்று நான் சுற்றி வைத்தது அது. தினம் காலையில் அவர் கை முதலில் போகும் இடம் அந்தக் குமிழ்.

பட்டறையில் வேன் சமத்தாக நின்றது. பாய் ஆக்சிலேட்டர் கேபிளைப் பார்த்தார், கார்பரேட்டரைக் கழுவினார், ட்யூப்பில் காற்று கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். "ஒரு கொறையும் இல்லீங்களே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெபமாலையைப் பழையபடி மூன்று சுற்று.

செப்டம்பர் 11

காலையில் திரும்ப அலறல்.

செப்டம்பர் 15

பாயிடம் இன்னொரு தடவை. அங்கே பூனைக்குட்டி. வீட்டில் புலி. மெல்வின் தம்பி முகம் வெளுத்துப்போய், "அண்ணி, இந்த வாசல்ல மட்டும் எதுக்குங்க இப்படி? அண்ணனுக்கு விக்க மனசில்லைங்களோ?" என்றார்.

சிலுவை போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ.

செப்டம்பர் 20

அவர் சட்டை ஒன்றை இன்னும் துவைக்கவில்லை. துவைக்கப்போவதும் இல்லை.

செப்டம்பர் 23

பாய் அவராகவே வீட்டுக்கு வந்தார். "கத்தறப்பவே பாத்தாத்தான் தெரியும் அம்மணி. இப்பப் போடுங்க."

போட்டேன். அலறியது. பாய் இஞ்சின் பக்கமே போகவில்லை. குனிந்து சோக் குமிழையே பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்: "இது சாமி மாலைங்களா? நான் தொடலாமுங்களா?"

நானே கழற்றினேன். குமிழை உள்ளே தள்ளச் சொன்னார். விரல் அகலம் உள்ளே போனது. சத்தம் அப்படியே அடங்கிவிட்டது.

"மணியெல்லாம் இடுக்குல நின்னுக்கிச்சுங்க. நீங்க உள்ள தள்ளுனாலும் சோக்கு பாதி இழுத்தபடியே கெடக்குது, அதான் இஞ்சின் கத்துது. பட்டறைக்கு வாரப்ப மாலை உங்க கையில இருக்குது. அப்புறம் நான் எங்கிருந்து கண்டுபுடிக்கறது?"

மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டேன். "பாய், இத மெல்வின் தம்பிகிட்டச் சொல்ல வேண்டாமுங்க."

அவர் என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "நான் எதையுமே பாக்கலீங்க. இன்னிக்கு இந்தப் பக்கமே வரல."

அக்டோபர் 6

சுந்தரராஜுலு விலையைக் குறைத்துக் கேட்டுக்கொண்டு திரும்ப வந்தார். அவர் வருவதற்கு முன்னால் மாலையைச் சுற்றினேன். மூன்று இல்லை, நான்கு சுற்று. தம்பி சாவி போட்டதும் எழுந்த அலறலில் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார்.

மெல்வின் தம்பி, செத்துப்போன அண்ணனே நிற்கிறமாதிரி வாசலைப் பார்த்துக் கும்பிட்டார். "போதுமுங்கண்ணா. விக்கலீங்க."

அக்டோபர் 7

இதைப் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லணுமா? பொய் என்று நான் ஒன்றும் சொல்லவில்லையே. மாலை சுற்றினது பாவமா? சாமியாருக்கும் ஒரு பழைய வண்டி இருக்கிறது. கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார். அதனால் கேட்கவில்லை.

அக்டோபர் 22

லைசென்ஸ் வந்தது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். பொருத்தம்தான்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

மெல்வின் தம்பியையும் அவர் மனைவி லின்சியையும் நான்தான் ஓட்டிக் கூட்டிப்போனேன். தம்பி பக்கத்து சீட்டில் விறைத்து உட்கார்ந்திருந்தார். கிளம்புகிற நேரம் பார்த்து, "அண்ணன் மாலை இங்கதானுங்க இருக்கும்" என்று சொல்லி, என் மடியிலிருந்ததை எடுத்து அவரே பயபக்தியோடு குமிழில் சுற்றினார்.

சாவி போட்டேன். தெருவே அதிர்ந்தது.

"பாத்தீங்களா அண்ணி, அண்ணன் வந்துட்டாரு." சொல்லும்போதே தம்பிக்குக் குரல் உடைந்துபோனது. இத்தனை நாளும் அவரும் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை. சிரிப்பாக வருமென்று நினைத்தேன், வரவில்லை. கொஞ்ச நேரம் அலறட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே வெச்சுக்குங்க தம்பி."

குமிழைத் தள்ளினேன். சத்தம் தணிந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, மாலையைச் சிலுவையில் தம்பியே போட்டார். திரும்பும்போது வேன் சத்தமே இல்லாமல் கிளம்பியது.

"என்னங்க அண்ணி, கம்முனு இருக்குது?"

"அவரத்தான் எறக்கி உட்டுட்டு வாரோமல்ல தம்பி."

நவம்பர் 4, திங்கள்

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். ஒன்பது கடை. முதலில் குமிழைத் தொட்டேன். வெறும் குமிழ். அவர் கை பட்டுத் தேய்ந்த இடம் விரலுக்குத் தெரிந்தது. இழுத்தேன், வண்டி கிளம்பியது, சூடாகும்வரை பொறுத்து உள்ளே தள்ளினேன்.

முழுசாகப் போனது.