படத்தின் பின்னால் தொங்கிய மணி

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளாக உன்னிடம் சொல்ல அழுகையைத் தவிர என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை. இப்போது ஒரு சேதி இருக்கிறது. நீ கேட்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய், பிறகு பேச்சை மாற்றுவாய். அதனால்தான் நீ குறுக்கே பேச முடியாதபடி எழுதியே சொல்லிவிடுகிறேன்.

நாம் இரண்டு பேருமே படித்த கோபாலபுரம் பள்ளிக்கூடம் இந்த வருஷம் ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறது. பொறுப்பு யாரிடம் என்று நினைக்கிறாய்? என் வகுப்பு வசந்தியிடம்தான். நம் வீட்டுக்கு வந்தால் தோசை தின்னாமல் போகமாட்டாளே, அவளேதான். போன மாதம் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டாள். முன்வரிசையில் ஒரு பெண் மடியில் சிலேட்டு வைத்திருந்தாள். அதில் எழுதியிருந்தது உன் வகுப்பு, உன் வருஷம்.

கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த உன் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லையே. தாத்தாவின் ஜவுளிக் கடையைப் படம் பிடித்து மாட்டினார்கள், கடைக்கு வந்து போன பெரிய மனிதர்களைப் பிடித்து மாட்டினார்கள், பெண் பிள்ளைகளை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. சின்னப் பெண்ணாக நீ எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

படத்தை விரலால் இழுத்து இழுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ரெட்டைப் பின்னல், தாவணி, முறைப்பு, பாதிச் சிரிப்பு. பாதிப் பேர் அசைந்துவிட்டதால் முகமெல்லாம் கலங்கியிருந்தது. கலங்காத முகங்களிலும் நீ இல்லை, கலங்கிய முகங்களிலும் நீ இல்லை. அன்றைக்குப் பார்த்து லீவு போட்டாயா? எல்லா நல்லதும் நடக்கிற நாளில் நீ மட்டும் வீட்டு வேலையில் மாட்டிக்கொள்வதுதான் உன் வழக்கமாயிற்றே என்று உன்மேலேயே கோபம் வந்தது.

இதற்கு நடுவில் குழுவில் வேறொரு வாக்குவாதம். படத்தின் பின்னால், வேப்பமர நிழலில், இரண்டு உயரமான மரக்கம்பங்கள், மேலே ஒரு குறுக்குக் கட்டை. அதிலிருந்து கறுப்பாக ஏதோ தொங்குகிறது. மேலே குறுகி, கீழே விரிந்து, நடுவில் நாக்கு நீட்டிக்கொண்டு. கிணற்று ராட்டினம் என்றாள் ஒருத்தி. கடைசியில் எல்லோரும் பள்ளிக்கூட மணி என்று முடிவு செய்தார்கள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டு ஆமோதித்தேன். வசந்தி போன் பண்ணினாள்.

“அந்த மணியை வெட்டிடறேம்பா. பின்னாடி எல்லாம் போயிட்டா முகங்கள் பெரிசாத் தெரியும். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கணும்.”

வெட்டிக்கோ என்றேன். சாதாரணமாகச் சொன்னேன், அம்மா.

நீ அன்று வந்தாயா என்று கேட்கத்தான் தேனாம்பேட்டைக்குப் போனேன். உன் வகுப்புத் தோழி ஃபிலோமினா ஆன்ட்டி இப்போது அங்கே தன் மகள் வீட்டில்தான் இருக்கிறார். கண் ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாகத் தெரிகிறது. படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். சாந்தோம் கடற்கரையில் வலை பிரித்த தன் நைனாவைப் பற்றி ஏதோ சொன்னார், பிறகு சிரித்தார்.

“லீவா? அவளா? தோ கீறா பாரு உங்கம்மா.”

விரல் எல்லா முகங்களையும் தாண்டிப் பின்னால் போய் நின்றது.

“ஆன்ட்டி, அது ஸ்கூல் மணி.”

“மணியா? நம்ம இஸ்கூல்ல அப்போ ஏது மணி? தண்டவாளத் துண்டு ஒண்ணு வராண்டால தொங்கினு இருந்துச்சு. ஆயா கம்பியால அடிக்கும். நல்லா பாரும்மா செல்வி, மணிக்கு எங்கனா ரெண்டு பாதம் கீதா?”

பார்த்தேன். நாக்கு என்று நாங்கள் சொன்னது இரண்டு பாதங்கள். விரிந்திருந்தது உன் பாவாடை. மேலே குறுகியது, மடக்கித் தலையோடு ஒட்டி வைத்திருந்த உன் கைகள். கைக்கு மேலே கயிறு இரண்டு, நுனியில் வளையம் இரண்டு.

“ரோமன் ரிங்கு அது,” என்றார் ஆன்ட்டி. “டிரில் டீச்சர் கட்டி வுட்டாங்க. நாங்கள்லாம் புடிச்ச ஒடனே தொப்புனு வுழுவோம். கோமதி ஏறினா எறங்க மாட்டா. அன்னிக்கும் போட்டோவுக்கு வாடி வாடின்னு கூப்டுகினே இருந்தோம். அவ இன்னும் ஒரு தபான்னு ஒடம்பை மேல இழுத்தா. அதுக்குள்ள போட்டோகாரர் கறுப்புத் துணிக்குள்ள பூந்துகினு, யாரும் அசையக் கூடாதுன்னு சத்தம் போட்டாரு. இவளும் அப்டியே அசையாம இருந்துட்டா.”

“மடக்கின கையோடவா?”

“மடக்கின கையோடதான். அவரு துணியை வுட்டு வெளிய வர்ற வரைக்கும்.”

தரையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தவர்கள் அசைந்து கலங்கிப் போயிருக்கிறார்கள். அந்தரத்தில் உன் எடை முழுவதையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டிருந்த நீ அசையவில்லை. உயிருள்ளது எதுவும் அப்படி இருக்காது என்றுதானே நாங்கள் உன்னை மணி என்றோம்? சாமி முன்னால் நிற்கும்போதுகூட எனக்கு இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை, சத்தியமாக.

மயிலாப்பூரில் உன் டெய்லர், “உங்களுக்குத் தோள் அகலம்மா, துணி பத்தாது” என்று ஒவ்வொரு தடவையும் முனகுவாரே. “எங்க அப்பா வழி” என்று சொல்லி நீ பேச்சை முடித்துவிடுவாய். நான் கொய்யா மரத்தில் தொங்கினால் மட்டும், “ஏட்டி, கீழ எறங்கு” என்று கத்துவாய். ஏம்மா சொல்லவில்லை? கல்யாணத்தோடு அதையும் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாயா? இல்லை, உனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லையா?

மறுநாள் காலையில் அடையாறில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். அங்கே மாநகராட்சி உடற்பயிற்சிக் கம்பிகள் போட்டிருக்கிறது. புடவையைச் செருகிக்கொண்டு ஒன்றைப் பிடித்தேன். மடக்குவதாவது, தொங்கவே முடியவில்லை. உன் மருமகன் கீழே நின்று, “எறங்கும்மா, அப்புறம் தோள்பட்டை எறங்கிடப் போவுது” என்றார். அதற்குள் நான் விழுந்திருந்தேன். உள்ளங்கை எரிந்தது. அந்த எரிச்சல் உனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது.

வசந்தியைப் பிடிக்கப் பட்ட பாடு தனிக்கதை. படம் வெட்டிய பக்கத்தோடு அச்சகத்துக்குப் போய்விட்டது, அவளோ போனை எடுக்கவில்லை. கே.கே. நகரில் அவள் வீட்டுக்கே ஆட்டோவில் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். “நமக்குத் தோசை சுட்டுப் போட்ட அம்மாவா? அவங்களையா நான் வெட்டினேன்?” என்றாள். அங்கேயே அச்சகத்துக்குப் பேசினாள். ராத்திரிதான் அச்சேற்றம், மாற்றலாம் என்றார்கள்.

அப்புறம் அவளுக்கு ஒரு சந்தேகம்.

“படத்துக்குக் கீழ, அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள்னு ரெண்டு வரிதான் போடுவோம். இவங்களை எதுலப்பா சேர்க்கறது?”

மூன்றாவதாக ஒரு வரி போடு என்றேன். இன்றைக்கு மலர் கைக்கு வந்தது. பெரிய படம், வேப்பமரமும் கம்பமும் முழுசாக. கீழே மூன்றாவது வரி: ‘தொங்குபவர்: பெ. கோமதி.’ அதைப் படித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். முகம் தெரியவில்லை, அதனால் என்ன? எனக்கு வேண்டிய உன்னை இதில் பார்த்துவிட்டேன்.

இந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டப்போகிறேன். உன் இன்னொரு படத்துக்கு வாரா வாரம் மாலை மாற்றுகிறேன், அது நடக்கும். இதற்கு ஒருநாளும் மாலை போடமாட்டேன், இது சத்தியம். மாலை போட்டால் போய்விட்டவள் என்று ஆகிவிடும். இவள் இன்னும் கீழே இறங்கவில்லை, அம்மா.

உன் கைப்பிடியைக் கண்டு மலைத்து நிற்கும்
உன் மூத்த மகள்,
செல்வி