மருமகள் பிடுங்கிய பயிர்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். துறைமுகத்தில் மூட்டை இறக்கி இறக்கி உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்காமல் பெட்டியிலேயே பூட்டி வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியாதா.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நம் மருமகளைப் பற்றிய கடிதம். மகன் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்த பட்டணத்துப் பெண் என்று, நீங்கள் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசாமலே வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படியுங்கள்.

நடவு முடிந்து முதல் களையெடுப்பு வந்தது. நான் வேண்டாம் என்றும் கேளாமல், துணியை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு அவளும் எங்களோடு இறங்கிவிட்டாள். மதியம் பார்த்தால், வரப்போரம் ஒரு பட்டை முழுக்க நெல்லைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். நெல்லைப் போலவே வளருமே அந்தப் புல், அதைக் கண்ணும் கருத்துமாக விட்டு வைத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பக்கத்து வயல்காரி, ரேடியோ என்று நீங்கள் பெயர் வைத்தீர்களே, அவள் "களைய விட்டுட்டுப் பயிரை எடுத்துட்டாளே" என்று சிரித்தாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்று நினைத்தேன். விடிந்ததும் வயலில் நின்றாள். நெல்லையும் புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். இலை தண்டைப் பிடிக்கிற இடத்தில் நெல்லுக்கு மெல்லிய முடி இருக்கும், அந்தப் புல்லுக்கு மொட்டையாக இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நெருக்கமாக இருந்த குத்துகளிலிருந்து பயிரைப் பிரித்து, காலியான பட்டை முழுவதும் குனிந்து நட்டாள். உதவிக்குப் போன மகனை, "நான் பிடுங்கினது, நானே நடுறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, சோற்றை வரப்புக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று மாலை ஜெபத்தில் வேதம் வாசித்தது அவள்தான். கோதுமைக்கு நடுவே களை முளைத்த உவமை. வாசித்து முடித்து, "அறுப்பு வரைக்கும் ரெண்டையும் விட்டுவைக்க ஆண்டவர் ஏன் சொன்னாருன்னு இப்பத்தான் புரியுது அத்தை. அவசரப்படுற கைக்குப் பயிர் எது, களை எதுன்னு தெரியாது" என்றாள். இத்தனை வருடமாகப் பிரசங்கம் கேட்கிறேன், ஒன்றும் இப்படி நெஞ்சில் இறங்கியதில்லை. அவள் தன்னைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

கோபப்படாதீர்கள். ஞாயிறுதோறும் போனில் ஜெபிக்கிறீர்கள். என் பெயர், மகன் பெயர் என்று தொடங்கிச் சினைப்பசு வரைக்கும் சொல்கிறீர்கள். அவள் பெயர் மட்டும் வருவதில்லை. அவளோ கதவோரம் நின்று எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்கிறாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அவள் நட்ட பட்டை மற்றதைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் பால் பிடிக்கிறது. பிந்தினால் என்ன, கதிர் கதிர்தானே. இப்போது ரேடியோவே தன் வயலில் சந்தேகம் வந்தால் இவளைத்தான் கூப்பிடுகிறாள். நானும் அந்த நேரம் பார்த்து வரப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

அறுப்புக்கு வந்துவிடுங்கள். கோயிலுக்குப் படைக்கும் முதல் நெற்கதிர்க் கட்டை அவள் தலையில்தான் தூக்கி வைக்கப்போகிறேன், யார் என்ன சொன்னாலும் சரி. கோயில் வாசலில் அதை இறக்கி வாங்க ஒரு கை வேண்டும். மகன் கொடுக்கலாம், நானும் கொடுக்கலாம். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் தள்ளியே நிற்போம்.

கர்த்தர் வழியெல்லாம் காத்து உங்களை வீடு சேர்ப்பாராக.

வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி