ஊற்றில் கொட்டிய உப்பு

வாழவந்தி
4-3-1994

அன்புத் தங்கச்சி கலாவதிக்கு,

ஊட்டில் எல்லாரும் சுகம், ஊற்றுக்குத்தான் சுகமில்லை. மேல் எஸ்டேட்டின் டீசல் டேங்க் ஓட்டையாகி, ஒழுகினதெல்லாம் நம்ம ஊற்றில் இறங்குது. குடத்தை முக்கினால் எண்ணெய் மிதக்குது. உங்க அண்ணி ரோட்டுக் குழாயிலிருந்து தண்ணி சுமந்து நொம்ப ஓய்ந்துவிட்டாள்.

உன் கடல் ஆராய்ச்சி ஆபீஸில் வளர்க்கிற, கப்பல் எண்ணெயைத் தின்னும் பூச்சி என்று பொங்கலுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாயே, அதை ஊற்றில் ஊற்றிவிட்டேன். உப்பில்லாமல் அது எப்படிப் பிழைக்கும் என்று இரண்டு மூட்டை கல்லுப்பும் கொட்டினேன். எண்ணெய் அப்படியேதான் இருக்கு. இன்னும் உப்பு வேணுமா கண்ணு?

அண்ணன் சித்தன்

தூத்துக்குடி
10-3-1994

அண்ணா,

படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். உப்பாங்க கொட்டினீங்க? ஓடுகிற ஊற்று கடலாகுமா? கொட்டும் முன்னால் ஒரு வரி கேட்டிருக்கக் கூடாதா? அந்தத் தண்ணீரைக் காப்பி நாற்றுக்கு விடாதீர்கள், கருகிவிடும்.

டீசலைத் தின்னும் நுண்ணுயிர் நம் மண்ணிலேயே உண்டு. எண்ணெய் இறங்கிய மண்ணைக் கொத்தி, எரு போட்டு, ஈரமாக வையுங்கள். முதலில் டேங்க்கை மாற்றச் சொல்லுங்கள். ஒழுகிக்கொண்டே இருந்தால் எந்தப் பூச்சி தின்று தீர்க்கும்? ஊற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில் அனுப்புங்கள், சோதித்துச் சொல்கிறேன்.

கலாவதி

வாழவந்தி
19-3-1994

கலாவதிக்கு,

உன் கடிதம் வருமுன்னே நாற்று அத்தனையும் கருகிவிட்டது. டேங்க்கைப் பற்றிக் கேட்கப் போனால் மேனேஜர், "உப்பைக் கொட்டி நீயே கெடுத்துக்கிட்டு எங்க மேல பழி போடறியா?" என்று விரட்டுகிறான்.

தண்ணி அனுப்பியிருக்கிறேன். உப்பால் ஒன்றும் ஆகலை, எல்லாம் டீசல்தான் என்று உன் ஆபீஸ் காகிதத்தில் எழுதிக் கொடு. அந்தப் பாட்டிலை இங்கே வைத்தது நீதானே? இதுக்குக்கூட உதவாத படிப்பென்றால், சேர்வராயன் திருவிழாவுக்கு ஊட்டுப் பக்கம் வராதே.

சித்தன்

தூத்துக்குடி
2-4-1994

அண்ணா,

தண்ணீரில் உப்பும் இருக்கிறது, டீசலும் இருக்கிறது. நாற்றைக் கொன்றது உப்புதான். அதை மறைத்தால் டீசலும் பொய் என்பான் அந்த மேனேஜர். அந்த வாய்ப்பை அவனுக்குக் கொடுக்க மாட்டேன். கலெக்டருக்கு இரண்டையும் எழுதிவிட்டேன். கோபமென்றால் கோபப்படுங்கள். எனக்கும் உங்கள் மேல் கோபம்தான். வராதே என்றால் வரவில்லை.

கலாவதி

வாழவந்தி
6-5-1994

கலாவதிக்கு,

கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் வந்து ஊரைக் கூட்டி, நீ எழுதினதைப் படித்தார்கள். "உப்பைக் கொட்டியவர் என் அண்ணன்" என்றதும் மேனேஜர் சிரித்தான். "குடிக்கிற ஊற்றில் அவர்கள் டீசல் இறங்கியதால் கொட்டினார்" என்று அடுத்து படித்ததும் டேங்க்கை மாற்றுகிறேன் என்று கையெழுத்துப் போட்டான். நேற்றுப் புது டேங்க் வந்து இறங்கியது. மண்ணைக் கொத்திவிட்டேன். வாடை இன்னும் போகலை.

ஊர் முன்னால் என்னை நிற்க வைத்த கோபமும் போகலை. திருவிழாவுக்கு நீ வரலைன்னா உலை வைக்க மாட்டேன்கிறாள் உங்க அண்ணி. வந்து சேர். உப்புப் பேச்சை மட்டும் என் காதுபட எடுக்காதே.

அண்ணன் சித்தன்