மிளகின் ஈரமும் முழு எண் வரிசையும்

1985 ஜூலை 8, திங்கள்
இத்தனை நேரம் கழித்துத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பாவுக்குச் சளி. இப்போதுதான் தூங்கினாள். மழை விடவில்லை.

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் இரண்டாவது வாரம். கணக்குப் படித்தவள் என்று கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்திருக்கிறார்கள். மூட்டை வாரியாக ஈரப்பதத்தை லிஸ்ட் போட, பேசிக் மொழியில் புரோகிராம். சனிக்கிழமை முதலாளி பார்க்கிறார். சரியில்லையென்றால் பெட்டி திரும்பிப் போகும், நான் வீட்டுக்கு.

மாமியார்: "அந்தப் பெட்டியை நினைச்சுண்டே பாலைப் பொங்க விட்டாச்சு." உண்மைதான்.

ஜூலை 10, புதன்
லிஸ்ட் அச்சாயிற்று. மிளகைக் கடித்தே ஈரம் சொல்லும் வறீது சேட்டன் வாங்கிப் பார்த்தார். "பதினாலாம் மூட்டையும் பதினஞ்சாம் மூட்டையும் ஒண்ணா? மோளே, உன் மெஷினுக்குப் பல்லில்லையா?" இரண்டிலும் ஒரு மணி எடுத்துக் கடித்தார். ஒன்று டக்கென்று உடைந்தது, மற்றது நசுங்கியது. எல்லோரும் சிரிப்பு. நான் ஈரம் அளக்கும் மீட்டரின் சீட்டைத் தேடி எடுத்தேன்.

மீட்டர் சீட்டில் 11.6, 12.3. லிஸ்டில் இரண்டும் 12.

ஜூலை 11, வியாழன்
சளி மருந்து மூன்று வேளை. சோப்பு, தீப்பெட்டி.

தப்பு என்னுடையது. சீசன் முழுதுக்கும் ஐயாயிரம் மூட்டை. மெமரியில் இடம் மிச்சம் பிடிக்க, ஈரப்பத எண்களைப் புரோகிராமில் முழு எண் வரிசையாக அறிவித்திருந்தேன். அதில் ஓர் எண்ணுக்கு இரண்டு பைட். தசம வரிசையில் நான்கு. எந்த வரிசை எந்த வகை என்பதை மெஷின் குறித்து வைத்திருக்கிறது. முழு எண் வரிசையில் எழுத்தைப் போட்டால் பிழை என்று கத்தும். தசமத்தைப் போட்டால் சத்தமே இல்லை, முழுதாக்கி உள்ளே தள்ளிவிடும்.

தசம வரிசையாக மாற்றினேன். மெமரி போதவில்லை. அழுகை வந்தது.

ஜூலை 12, வெள்ளி
பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது தோன்றியது. பத்தால் பெருக்கிப் போட்டால்? 11.6 என்பது 116. முழு எண்தான்! அச்சிடும்போது பத்தால் வகுத்தால் போதும். யாரும் சொல்லித் தரவில்லை. நானே.

ஜூலை 13, சனி
முதலாளி முன்னால் வறீது சேட்டன் லிஸ்டைப் பார்க்காமலே எட்டு மூட்டை கடித்தார்; காய்ந்ததிலிருந்து ஈரமானது வரை வரிசைப்படுத்திச் சொன்னார். பிறகு லிஸ்டைப் பிரித்தோம். அதே வரிசை. "ஒண்ணுகூடத் தெற்றியில்ல, தப்பேயில்ல, டீச்சரே." புதன்கிழமை மோளே, இன்று டீச்சர்!

முதலாளி: "முழு நேரமா வரணும். திங்களாழ்ச்ச சொல்லு, நாளன்னைக்கு இல்ல, அதுக்கு அடுத்த திங்கள்."

மாமியார் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் "அவன் சம்மதிக்கட்டும்" என்று பம்பாயிலிருக்கும் தன் மகனை, உங்களை, கைகாட்டுகிறார். அதனால் நோட்டிலிருந்து இந்தப் பக்கங்களையே கிழித்து உங்களுக்கு அனுப்புகிறேன். எனக்குப் போக வேண்டும். வேலை எனக்கு வருகிறது. கிடைத்த அன்றே பதில் போடுங்கள்.