பேப்பரில் வந்த வயிற்று வலி

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரோஸ்மேரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் உன் தங்கச்சி கிறிஸ்டியும் சுகம். நீ சுகமா என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதமே. போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று நினைப்பாய். போன் போட்டால் மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார், ஸ்பீக்கரில் போட்டு நான் உன்னைக் கேட்பதற்கெல்லாம் அவரே பதில் சொல்கிறார். அதனால்தான் பூனே வீட்டு விலாசத்துக்குப் போடாமல் நீ வேலை பார்க்கும் ஸ்கூலுக்கு ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

இங்கே எப்போதும் போலத்தான். ஒரு மாதம் ஆர்டர் வந்து குவிகிறது, மறு மாதம் பனியன் கம்பெனியே தூங்குகிறது. அப்பா இன்னும் ஓவர்லாக் தையல் மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடியை மாற்றுங்கள் என்றால் காதில் வாங்குவதில்லை. கிறிஸ்டியைக் கேட்டு நாசரேத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

கொஞ்ச நாளாக எப்போது கேட்டாலும் வயித்து வலிம்மா, வேற ஒண்ணுமில்லம்மா என்கிறாய். ஊர் சர்ச்சில் அசன விருந்துக்கு வராததற்கும் அதுதான் காரணம், வீடியோவில் முகத்தைக் காட்டாததற்கும் அதுதான் காரணம். நானும் மடச்சி மாதிரி ஓமத்தண்ணி குடி, வெந்தயத்தை மோரில் போட்டுக் குடி என்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ராக்கம்மாள் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு டேமேஜ் பீஸையெல்லாம் நல்ல பீஸோடு தள்ளிவிட்டு சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ராக்கம்மாளைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இங்கே திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கைமடி, டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் நின்று மடித்துக் கொடுக்கிற வேலை. அவளும் கைமடிதான். என் சாப்பாட்டு டப்பாவில் பாதியை அவள்தான் காலி பண்ணுவாள், கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. கட்டிக்கொடுத்த பிறகு வீங்கிய கையோடு வருவாள், கேட்டால் சிரித்து மழுப்புவாள். ஒருநாள் வரவில்லை. மறுநாள் டீ நேரத்தில் முருகேஷ் மாஸ்டர் வழக்கம்போல் பேப்பரைச் சத்தமாக வாசித்தார், தீராத வயிற்று வலி, இளம்பெண் தற்கொலை என்று. பெயரைக் கேட்டதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம், டீ கிளாஸை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டோம். அதற்கப்புறம்தான் கவனித்தேன், அந்தக் காலத்துப் பேப்பரில் வாரம் தவறாமல் எவளாவது ஒருத்திக்கு வயிற்று வலி. ஆம்பிளை என்றால் விதவிதமாகக் காரணம் போடுவார்கள், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மட்டும் எப்போதும் அந்த ஒரே நோய். எந்த வைத்தியரிடம் காட்டினாள், என்ன மாத்திரை தின்றாள் என்று ஒருத்தன் கேட்டானா?

பேப்பர்காரனை மட்டும் திட்டி என்ன செய்ய. ஸ்டேஷனில் எழுதியதை அவன் போட்டான், வீட்டில் சொன்னதை ஸ்டேஷனில் எழுதினார்கள். வீட்டில் சொன்னது யார் தெரியுமா? அவள் புருஷன் இல்லை, பெற்ற அப்பன். துஷ்டிக்குப் போன இடத்தில் நானே காதால் கேட்டேன். எம் மவளுக்கு ரொம்ப நாளா வயித்து வலிங்கய்யா என்று போலீஸ்காரரிடம் அழுதுகொண்டே சொல்கிறார். அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள்.

இப்போது நீ சொல், உனக்கு நிஜமாகவே வயிற்று வலிதானா? கிறிஸ்டி சம்பந்தம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாயோ என்றுதான் கேட்கிறேன். அவளிடமே கேட்டுவிட்டேன். அக்கா வீட்டுக்கு வந்துட்டான்னு ஓடுத மாப்பிள்ள இன்னைக்கே ஓடட்டும் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். அப்பாவிடமும் சொன்னேன். மறுநாள் காலையிலேயே கம்பெனிக்குப் போய் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார், ஷிப்மெண்ட் நேரத்தில் லீவு கேட்கிற ஆளா அவர்! நான் பயந்தது வீண் என்றால் என்னை வைத்துச் சிரித்துக்கொள். நிஜமாகவே வலி என்றால் இங்கே ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். எதுவானாலும் வீட்டுக்கு வந்து சொல். ஊர் வாய்க்குப் பயந்து உன்னைப் பற்றி ஒரு பொய்யை நானும் அப்பாவும் யாரிடமும் சொல்லமாட்டோம்.

கர்த்தர் உன்னைப் போக்கிலும் வரத்திலும் காப்பாராக. மறந்துவிடாதே, படிப்பு சர்டிபிகேட்டையும் ஆதாரையும் முதலில் எடுத்து ஸ்கூலில் வைத்துக்கொள், நகை கிடந்தால் கிடக்கட்டும். சனிக்கிழமை ஸ்கூல் விடுகிற நேரத்துக்கு அப்பா கேட்டில் நிற்பார். பூனேவுக்கு ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கிறார், திரும்பி வர இரண்டு.

உன் அம்மா,
விஜயராணி