தாழிட்ட கதவு

அன்பு மகளே,

கதவைத் தட்டிக் கத்துவது எனக்குப் பழக்கமில்லை. கான்வென்ட்டில் எங்களை அப்படி வளர்க்கவில்லை. அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

தங்கபுஷ்பம் டீச்சர் போனில் எல்லாம் சொன்னாள். பள்ளி திறக்கும் அன்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைப்பது வருஷா வருஷம் நீதான். இன்று ஒரு தகப்பன் பிள்ளையின் கையை உன்னிடமிருந்து இழுத்துக்கொண்டானாம்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். உங்க வீட்டுக்காரர் தவறி கொஞ்ச நாள்தான் ஆவுது. வேற டீச்சர் எழுத வைக்கட்டும்."

நீ ஆய்க்குடிப் பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்து தாழ் போட்டுக்கொண்டாய். சோறு அப்படியே இருக்கிறது.

"ஆச்சி, டீச்சர் சத்தத்தையே காணோமே?" என்று பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் கேட்டாள்.

"தலைவலி. அவ தூங்குதா" என்றேன். நான் பொய் சொல்பவளா?

உன் அப்பா போன பிறகு என்னையும் கல்யாண வீடுகளில் பின்வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். தலைநிமிர்ந்து உட்கார்ந்துவிட்டு வந்தேன். உனக்கு அது வேண்டாம். நாளைக்கு அதே வகுப்பில் போய் நில். நானும் வருகிறேன்.

சாரல் இரைச்சலில் உள்ளே எதுவும் கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த தூக்க மாத்திரை அட்டையைத் தேடினேன், இல்லை. எங்காவது எடுத்து வைத்திருப்பாய்.

பதில் எழுத வேண்டாம். கதவையும் இப்போது திறக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை இருமு. கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன்.

உன் அம்மா