வண்டியை ஓட்டியது நீ இல்லை

துத்திப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பரணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நந்தினியும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், மனசுக்குத்தான் சுகம் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, படுத்தால் தூக்கம் வருகிறதா, அது தெரிந்தால் போதும் எனக்கு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அந்த வெளிநாட்டு ராணுவ முகாமிலிருந்து பேசும் போனில் இந்த விஷயத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று வக்கீலம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். அங்கே சமையல் கூடத்தில் வேலை செய்கிற நம்ம ஆம்பூர் ரஷீத் அஹமது லீவு முடிந்து கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு முழு விஷயம் இன்னும் தெரியாது. ஆக்சிடென்ட்தானே, யார் வேணும்னு பண்ணுவாங்க, விசாரிச்சுட்டு விட்டுடுவாங்க என்று தோல் டேனரியில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவரே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் பி.பி. மாத்திரையைப் போட மறக்கிறார், சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். நந்தினியைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார், அண்ணன் எப்போது வருகிறார், வந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். உன் பாஸ்போர்ட்டை அங்கே போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது என்று எப்படிச் சொல்வேன்.

நம் ஷூ கம்பெனிப் பழக்கம்தான் உன்னை அங்கே கொண்டுபோய் மாட்டிவிட்டது. லைனில் ஒரு லாட் ஷூ கெட்டுப்போய் சூப்பர்வைசர் வந்து யாருடைய வேலை என்று கேட்டால், குடும்பம் இருக்கிறவரைக் காட்டிக்கொடுக்காமல் கல்யாணம் ஆகாத ஒருவர் கையைத் தூக்கிவிடுவது இங்கே எல்லா லைனிலும் நடப்பதுதான். மேனேஜர் கத்துவார், கொஞ்ச நேரம் வெளியே நிறுத்துவார், டீ வருவதற்குள் எல்லாம் ஆறிவிடும். நீயும் இங்கே இருந்த வரைக்கும் அப்படிக் கையைத் தூக்கியவன்தான், எல்லாருக்கும் நல்ல பிள்ளை. அங்கே போயும் அதையே செய்துவிட்டாய். லைசென்ஸ் இல்லாமல் சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்டை எடுத்தது உன்கூட வேலை செய்கிற ஜீவா. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து அந்த ஊர்த் தண்ணீர் லாரி டிரைவரைச் சுவரோடு நசுக்கியதும் ஜீவா. நான்தான் ஓட்டினேன் என்று சொன்னது நீ. கேட்டால் அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது, எனக்கு யாரும்மா இருக்காங்க என்கிறாய். நாங்கள் யாரடா? ராணுவப் போலீஸ் என்ன நம்ம லைன் சூப்பர்வைசரா, கத்திவிட்டுப் போய்விட? இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று உன் தலைமேல் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாய்.

மனசு கேட்காமல் வேலூருக்குப் போய் ரஃபத் ஜஹான் என்கிற வக்கீலம்மாவைப் பார்த்தேன், ஜீவா பெயரை மட்டும் சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்டார். நீ ராணுவத்துக்காரன் இல்லை, ராணுவத்துக்கு வேலை பார்க்கிற கம்பெனியின் ஆள், அதனாலேயே சிக்கல் ஜாஸ்தி என்றார். அடிபட்டவர் அந்த ஊர்க்காரர், அதனால் அந்த ஊர்க் கோர்ட் கேஸ் எடுக்கலாமாம். அது அவர்களுக்கும் ராணுவத்துக்கும் என்ன ஒப்பந்தம் இருக்கிறதோ அதைப் பொறுத்ததாம். ராணுவம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டிலும் ஒரு சட்டம் இருக்கிறதாம், குற்றம் பெரிசு என்றால் தன் ராணுவத்தோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவன் எந்த தேசத்தவனாக இருந்தாலும் அங்கே கொண்டுபோய் விசாரிக்கலாமாம். நீ இந்தியன் என்பதால் டில்லியில் அனுமதி கொடுத்தால் இங்கேயும் கேஸ் நடத்தலாமாம். எனக்குத் தலை சுற்றியது. ஒரு பிள்ளைக்கு எத்தனை கோர்ட் என்று கேட்டேன். அதற்கு அவர், "யாரு எடுப்பாங்கன்னு இப்ப யாராலும் சொல்ல முடியாதும்மா. ஆனா யாரு எடுத்தாலும் உங்க பையன் வாயால சொன்னதத்தான் முதல்ல படிப்பாங்க" என்றார். அதை எழுதி உன்னிடம் கையெழுத்து வாங்கியது எந்த மொழியில் என்று கேட்டார், இங்கிலீஷில் என்றேன், பேனாவை மூடி வைத்துவிட்டு, அதில் இருந்தது அவனுக்குப் புரிந்ததா என்றார். அந்த டிரைவர் இன்னும் கண் திறக்காமல் கிடக்கிறாராமே. கோயிலில் உனக்கு விளக்கு போடும்போது பெயர் தெரியாத அவருக்கும் ஒன்று போடுகிறேன். அவரைப் பெற்றவளும் எங்கேயோ இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. புதன்கிழமை கணியம்பாடிக்குப் போனேன், ஜீவா பெண்டாட்டி மேகலா அங்கே அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். என் பிள்ளை உன் புருஷனுக்காகச் செய்ததை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்கம்மா, அவரு எல்லாம் சொன்னாரு. பரணி தெரியாமதான் பண்ணிட்டான். அவன்கூட இனிமே சேராதன்னு எங்கப்பா அவர்கிட்ட கத்தறாரு, நான்தான் பாவம், விடுங்கன்னு சொன்னேன்" என்கிறாள். பரணி, ஜீவா தன் பெண்டாட்டியிடமே நீதான் ஓட்டினாய் என்று சொல்லியிருக்கிறான். யாருக்காக நீ ஜெயிலுக்குப் போகத் துணிந்தாயோ அவள் உன்னை மன்னித்துவிட்டாளாம். சத்தியம் வாயைக் கட்டிவிட்டது, அவள் கொடுத்த காபியைக் குடித்தேன், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினேன், வந்துவிட்டேன். அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் வந்தது, எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜீவா கெட்டவன் இல்லை, பயந்தவன். ஆனால் பயந்தவன் இன்றைக்குப் பெண்டாட்டியிடம் சொன்னதை நாளைக்கு எந்தக் கோர்ட்டிலும் சொல்வான், அப்போது நீ உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள். யாருடைய கேஸ் என்று அவர்கள் முடிவு பண்ணுவதற்கு முன்னால் நீ உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்கிறார் வக்கீலம்மா. ரஷீத் அஹமது கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் திரும்பவும் கணியம்பாடிக்குத்தான் போகிறேன். வண்டியை ஓட்டியது யார் என்று மேகலாவிடம் சொல்லப் போகிறேன், அப்புறம் அப்பாவிடமும் சொல்லப் போகிறேன். சத்தியத்தை மீறிய பாவம் என்னைப் பிடிக்கட்டும், உன்னை விட்டுவிடட்டும். அவள் வீட்டில் அடுப்பு எரியாமல் போகலாம், அவள் என்மேல் மண்ணை வாரித் தூற்றலாம், எல்லாம் யோசித்துவிட்டேன். ஆனாலும் போகிறேன், நான் உன்னைத்தான் பெற்றேன்.

மாரியாத்தா உன் பக்கத்திலேயே இருப்பாள், நல்லபடியாக இருப்பாய். தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள், வக்கீல் வேண்டும் என்று கேள், நம் தூதரக ஆளைப் பார்க்க வேண்டும் என்று கேள். அதுவரைக்கும் புரியாத தாள் எதிலும் கையெழுத்துப் போடாதே. உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று என்மேல் கோபம் வரும், வரட்டும். அதைப் போனில் காட்டாதே, இங்கே வந்து காட்டு.

உன் அம்மா,
விஜயகுமாரி